எட்டு மாதம் காத்திருந்த கிண்ணம்

வீட்டில் எனக்கு இருநூற்றுப் பதினாறு சக்களத்திகள். எல்லாம் சாடி, குடுவை, கிண்ணம். என் வீட்டுக்காரர் பல் செட் செய்யும் பட்டறையில் நாள் முழுக்கப் பீங்கான் பல்லை இழைத்துவிட்டு வருவார். வந்து கை கழுவியதும் மறுபடி பீங்கானைத்தான் தடவிக்கொண்டு உட்காருவார். கல்யாணமான முதல் வருஷம் ஒரு சாடியின் மூடியை உடைத்துவிட்டேன். இவர் திட்டவில்லை, மூன்று நாள் பேசவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம். அன்றிலிருந்து அந்த அலமாரிப் பக்கம் என் விரல்கூடப் போனதில்லை. ரோஷம் எனக்கும் உண்டு.

இரண்டு வருஷமாக இவருக்குக் கை நடுக்கம். பட்டறையை விட்டாயிற்று. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் அடங்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். இந்த நிலையில்தான் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஆயிரம் வருஷத்துப் பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. சேகரிப்பவர்கள் எழுதிக் கேட்டால் வருஷத்தில் நாலைந்து பேருக்கு மட்டும் கையில் தருவார்கள். இவர் எழுதிப் போட்டு எட்டு மாதம் காத்திருந்து வந்த அழைப்பு அது. அடுத்த வருஷம் கை எப்படி இருக்கும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. விட்டால் இனி இல்லை.

விண்ணப்பத்தில் நடுக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை இந்த மனிதர். சொல்லிவிடுங்கள் என்று சண்டை போட்டேன். பதினொரு மணிக்குச் சந்திப்பு, பத்தரைக்கு மாத்திரை, பதினொன்றரை வரை பயமில்லை என்றார். ஒரு வாரம் சமையலறையில் என் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து ஒத்திகை வேறு.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். காப்பாட்சியர்தான் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். சின்ன வயசுப் பெண், மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அதுவரை இவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு முன்னால் இன்னொரு மாத்திரை கூடாது. நான் சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளறை மேஜையில் தடித்த மெத்தை விரித்திருந்தது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார் காப்பாட்சியர். கையுறை போட்டால் வழுக்கும், வெறுங்கைதான். விளிம்பைப் பிடிக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். மெத்தையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கக் கூடாது. பிறகு பெட்டியைத் திறந்து கிண்ணத்தை நடுவில் வைத்தார். இலையின் அடிப்பக்க நிறம். அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

இவர் கை நீண்டது. பாதி வழியில் விரல்கள் ஆடத் தொடங்கின. மெத்தைதான் இருக்கிறதே, ஒரே நிமிஷம்தானே, தூக்கிவிடுங்கள் என்று என் மனசு சொன்னது. வீட்டில் நியாயம் பேசிய அதே மனசு. இவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என் கை சரியில்லம்மா," என்றார். "மறைச்சுட்டேன், தப்புதான். எடுத்து உள்ள வெச்சுடுங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவர் எட்டியதைத் தாமே தள்ளி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. காப்பாட்சியர் சற்று யோசித்துவிட்டு, கூட வந்திருப்பவர் எடுக்கலாம், விதியில் இடமுண்டு என்றார். நான் மாட்டவே மாட்டேன் என்றேன்.

"நீ எடு," என்றார் இவர். "நீ எடுத்தா நான் எடுத்த மாதிரி."

வளையல்களைக் கழற்றிவிட்டு எடுத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். கனமா? நினைத்ததைவிடக் குறைவு. அடிப்பக்கம் சொரசொரப்பா? ஆமாம். பக்கத்தில் எங்காவது வழவழப்பு விட்டுப்போயிருக்கிறதா? தடவித் தேடினேன், இருந்தது. செய்தவர் பூச்சில் முக்கும்போது பிடித்த இடம் அது, விரல் பட்டிருந்தால் பூச்சு ஏறாது என்றார். என் கட்டை விரல் அதில் சரியாகப் பொருந்தியது. அதைச் சொன்னதும் இவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்த்ததில்லை, ஆனால் ஏனோ பொறாமை வரவில்லை.

கிண்ணம் பெட்டிக்குள் போனது. இவர் என் வலது கையை எடுத்தார். கிண்ணத்தின் குளிர்ச்சி உள்ளங்கையில் இன்னும் மிச்சமிருந்தது. அடியில் ஒரு கையும் பக்கத்தில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டார். இரண்டும் நடுங்கின. அது எனக்குத் தெரிகிறதே என்று விட்டுவிடப் பார்த்தார்.

"கெட்டியாவே பிடிங்க," என்றேன். "நான் உடைய மாட்டேன்."