கல்பனா பூசியதும் செல்லியம்மா சிவந்ததும்

ஆந்திராவின் விஜயபுரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கும் ஒரு கிராமத்தில், வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த செல்லியம்மாவின் உதடுகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரோஜா நிறத்துக்கு மாறின. அதே நேரத்தில் திருப்பதியில் அவளுடைய தம்பி மனைவி கல்பனா, முந்தின ஞாயிற்றுக்கிழமை காந்தி ரோட்டில் வாங்கிய லிப்ஸ்டிக்கை முதல் தடவையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இங்கே வர புத்தூரில் ஒரு பஸ், நகரியில் ஒரு பஸ் மாற வேண்டும். நிறம் அப்படியெல்லாம் நின்று வரவில்லை. அந்த வருஷம் மழை காலாகாலத்தில் பெய்திருந்தது, களையும் அதிகம்.

கூட வேலை செய்த பெண்கள் முதலில் வெற்றிலை என்று நினைத்தார்கள். செல்லியம்மா வெற்றிலை போடுகிறவள் அல்ல. பதினெட்டு வயதில் கல்யாணமாகி, மறு வருஷமே கரும்பு லாரி கவிழ்ந்து புருஷன் போனபின், விபூதியைத் தவிர வேறெதுவும் அவள் முகத்தில் ஏறியதில்லை. தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த கொஞ்ச நாளில் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பி கோபிகிருஷ்ணன் அவள் கையில் வந்து விழுந்தான். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் அவனைத் தெலுங்கு மீடியத்தில் படிக்க வைத்தாள், பிறகு சித்தூரில் டிப்ளமாவும் படிக்க வைத்தாள். இப்போது அவன் ரேணிகுண்டா பக்கத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். செல்லியம்மா பேரில் அரை ஏக்கர் பட்டாவும் கிடைத்திருந்தது. ஆனாலும் அவள் கூலிக்குப் போவதை விடவில்லை. “எங்க அக்காதான் எனக்கு அம்மா, அவளேதான் நைனாவும்” என்று கோபிகிருஷ்ணன் கல்யாணமான முதல் நாளே கல்பனாவிடம் சொல்லியிருந்தான்.

கல்பனா நகரிக்காரி. விசைத்தறி வீட்டில் பிறந்து, சாயம் ஏற்றிய நூல் காய்கிற தெருவில் வளர்ந்தவள். எந்த நிறத்துக்கு எந்த நிறம் ஒத்துப்போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புருஷன், மகள் ஹரிதா, ஞாயிற்றுக்கிழமை இவை மூன்றும் அவளுக்கு உயிர். ஞாயிறு மாலையானால் மூவரும் ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். ஒரு துணிக்கடையாவது ஏறி இறங்க வேண்டும். வாங்குகிறாளோ இல்லையோ, நான்கு சுடிதாராவது போட்டுப் பார்த்து, ஹரிதாவை விட்டு போட்டோ எடுக்கச் சொல்வாள். பிறகு ஃபேன்சி ஸ்டோரில் புதிதாக வந்த மை, நெயில் பாலிஷ், ஃபேஸ் கிரீம். பிறகு பானிபூரியோ பிரியாணியோ, மகள் கேட்டது. நல்ல சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று மறுநாள் போனில் வீடியோ போடுவாள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். அவர்கள் அபார்ட்மெண்டிலிருந்த பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கடைக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை உதடு. புதன்கிழமை கண்ணுக்கு மை, ஓரத்தில் வால் விட்டது. வெள்ளிக்கிழமை நெற்றியில் சின்னக் கல் வைத்த பொட்டு. சுடிதாரும் புடவையும் வரவில்லை. தோலில் ஒட்டுவது மட்டும் வந்தது. செல்லியம்மா புளி போட்டுத் தேய்த்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள், சாம்பலால் துலக்கினாள். சரியாகப் போகிறதா என்று பார்க்க நகரிச் சந்தையில் ஒரு கைக்கண்ணாடிகூட வாங்கினாள். எதற்கும் அது அசையவில்லை. சாயங்காலம் கல்பனா முகம் கழுவும்போது தானாகப் போயிற்று. கொல்லைக்கு ஆள் கூட்டுகிற பச்சையம்மாள் இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு வரப்பில் நின்றுகொண்டு எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். “இன்னாடி செல்லி, இந்த வயசுல யாருக்குடி சிங்காரிச்சிக்கினு வர?” செல்லியம்மா குனிந்த தலை நிமிராமல் களை வெட்டினாள்.

மருதாணிதான் விஷயத்தைக் கெடுத்தது. கல்பனாவின் சித்தப்பா மகளுக்கு நகரியில் கல்யாணம். முதல்நாள் ராத்திரி கல்பனா இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மெஹந்தி போட்டுக்கொண்டாள். காலையில் செல்லியம்மா எழுந்தபோது அவள் கைகளிலும் மயிலும் மாங்காயும் கொடியுமாகப் படர்ந்திருந்தது. அது முகம் கழுவினால் போகிற காரியமில்லை. அந்த வாரம் ஊரில் கங்கையம்மனுக்குப் பொங்கல். செல்லியம்மா பானையோடு போனபோது கோயில் பெரியவர் ஒருவர், தாலி அறுத்தவள் மருதாணிக் கையோடு அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். கொண்டுபோன அரிசியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். மறுநாள் பச்சையம்மாளும் வேலைக்கு வரவேண்டாம் என்றாள். செல்லியம்மா இரண்டு கையையும் துண்டில் சுற்றிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது கல்பனா. செல்லியம்மா வாசலிலேயே நின்று துண்டை அவிழ்த்தாள். கல்பனா தன் கைகளை அவற்றின் பக்கத்தில் நீட்டினாள். ஒரே மயில், ஒரே கொடி. ஈரம் காயுமுன் ஹரிதா விரல் பட்டு இடது கட்டைவிரல் ஓரம் கலைந்திருந்ததே, அதுவும் அப்படியே இருந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது.

“உன் கையிதானா இது?” என்றாள் செல்லியம்மா. “நான் இன்னா பாவம் பண்ணிட்டேன்னு ராவெல்லாம் அழுதுக்கினு கெடந்தேனே கல்பனா. ஊருல தல காட்ட முடில. பொங்க வெக்க வுடல. வேலைக்கும் கூப்புடல.”

“எனக்குத் தெரியாது அண்ணி. சாமி சத்தியமா தெரியாது” என்று கல்பனா அழுதாள். “இனிமே ஒண்ணும் போட மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பரண்மேல் ஏற்றினாள். சோப்பு மட்டும் வைத்துக்கொண்டாள், பொட்டுகூட வைக்கவில்லை. அதற்கு அவள் அம்மா நகரியிலிருந்து வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். வீட்டில் யாரோ செத்துவிட்டதாக நினைத்து அபார்ட்மெண்டில் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போனார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், கடை எதுவும் ஏறவில்லை. கோபிகிருஷ்ணன் ஒருபக்கமும் பேச முடியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். அவனை ஆளாக்கியவள் ஒருத்தி, அவன் வீட்டை வீடாக்கியவள் இன்னொருத்தி. ஊரில் மெஹந்தி மங்கி, ஆரஞ்சாகி, உதிர்ந்துபோனது. பச்சையம்மாள் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாள். மழைக்காலம் போய் அறுப்பும் முடிந்தது.

சங்கராந்தி கழித்து ஒரு காலையில் கல்பனாவுக்கு போன் வந்தது. எடுத்தவுடனே செல்லியம்மா, உடம்பு எப்படி என்று கேட்டாள், ஹரிதாவின் பரீட்சையைக் கேட்டாள், தம்பிக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“அந்த ரோசாப்பூ கலரு ஒண்ணு, மொத மொதல்ல வந்துச்சே. அது இன்னும் கீதா?”

“இருக்குது அண்ணி. மேல வச்சிட்டேன்.”

“கண்ணாடி வாங்கினேன் இல்ல, அத அழிச்சிப் பாக்க. தெனம் காத்தால எடுத்துப் பாக்கறேன். ஒண்ணும் வர்ல. மூஞ்சி மூளியா கீது.” அவள் குரல் தாழ்ந்தது. “அன்னிக்கித் தேய்க்கறப்போதான் எம்மூஞ்சியை நல்லாப் பாத்தேன் கல்பனா. இத்தினி வருசத்துல. நல்லாத்தான் கீறேன்.”

கல்பனா பரணை அண்ணாந்து பார்த்தாள். “ஊருல பேசுவாங்களே அண்ணி. வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க.”

“கூப்புடாட்டி போறாங்க. என் அர ஏக்கரா கீது, அதுல கத்திரி வெச்சிக்கிறேன். நீ எடுத்துப் போடு.”

நிஜமாகவா என்று கல்பனா மறுபடியும் கேட்டாள். போடச் சொல்றேன் இல்ல என்றாள் செல்லியம்மா. கல்பனா ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேலுதட்டில் ஒரு கோடும் கீழுதட்டில் ஒரு கோடும் இழுத்தாள். அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது.

“வந்துட்ச்சி” என்றாள் செல்லியம்மா.

அன்றிலிருந்து கல்பனா கடைக்குப் போகிற விதமே மாறிப்போயிற்று. அவளுக்கு வெயில் அதிகம் கிடையாது. ஆனாலும் மே மாதம் மருந்துக்கடையில் விசாரித்து நல்ல சன்ஸ்கிரீனாக வாங்கி, காலை ஆறு மணிக்கே கழுத்து, முதுகு, புறங்கை என்று அப்பிக்கொண்டாள். அங்கே கத்திரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த செல்லியம்மாவின் தோல் அந்தக் கோடையில் உரியவில்லை. கல்பனாவின் பாதங்கள் வழவழவென்றுதான் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் பித்தவெடிப்புக் களிம்பை எடுத்து இரண்டு குதிகாலிலும் அழுத்தித் தேய்த்தாள். செல்லியம்மாவின் குதிகாலில் இருபது வருஷமாக வாய் பிளந்திருந்த வெடிப்புகள் ஆடி மாதத்துக்குள் மூடிக்கொண்டன. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த கோபிகிருஷ்ணன், மனைவி கட்டிலில் உட்கார்ந்து வலியில்லாத தன் முழங்கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அன்று ஊரில் நடவு. அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, தரையில் உட்கார்ந்து, தானே தேய்த்துவிட்டான். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்பனாவும் அவன் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரத்தில் போன் வந்தது. “யாருடா இது, இத்தினி அழுத்தி தேய்க்கறது? உன் கைதானே?” என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றான். “கொஞ்சம் கீழ தேய்” என்றாள் அவள்.

ஊர் முதல் வருஷம் பேசியது. செல்லியம்மா கத்திரிக்காயை நகரிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாள். மை வைத்த கண்ணோடு உட்கார்ந்திருந்த அவளிடம் கூட்டம் சேர்ந்ததே தவிரக் குறையவில்லை. இரண்டாவது வருஷம் பச்சையம்மாள் தானாக அவள் வீட்டு வாசலுக்கு வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அந்தக் குதிகால் மருந்து பேர் என்ன என்று கேட்டாள். செல்லியம்மா போன் போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு அவள் வாசலில் நின்று, திருப்பதியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போனார்கள். கங்கையம்மன் பொங்கலுக்கு அவள் பானை வைத்தபோது அன்று தடுத்த பெரியவர் தன் அடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவருடைய மருமகள் தள்ளிப் போகவில்லை.

போன மாதம் ஹரிதாவின் பிறந்தநாளுக்குச் செல்லியம்மா திருப்பதிக்கு வந்தாள். நால்வரும் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். அழகுசாமான் பிரிவில் மோகனப்ரியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் கல்பனாவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, புதிதாக வந்த கருஞ்சிவப்பு லிப்ஸ்டிக்கைப் போட்டுக் காட்டினாள். பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லியம்மாவின் உதடும் கருஞ்சிவப்பானது. அந்தப் பெண் இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்து யோசித்தாள்.

“மேடம், உங்களுக்குக் கரெக்டா இருக்கு. அந்தம்மாக்கு மட்டும் கொஞ்சம் டார்க். ஒரு ஷேட் கம்மியா பாக்கலாமா?”

“அவளுக்கு எடுப்பா கீதும்மா, அதையே குடு” என்றாள் செல்லியம்மா. “எனக்குப் பழகிடும்.”

கல்பனா கேட்கவில்லை. ஒரு ஷேட் குறைவானதை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். இருவரும் ஒரே கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, இதுதான் என்றார்கள். இரண்டாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கோபிகிருஷ்ணன் பர்ஸைத் திறந்தான்.

“எதுக்கு சார் ரெண்டு? ஒண்ணு போதும்” என்றாள் மோகனப்ரியா, பில் போட்டுக்கொண்டே.

கீழ்த்தளத்தில் ஐஸ்கிரீம் மட்டும் நான்கு வாங்க வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் போவது அப்படி வந்து சேர்வதில்லை. செல்லியம்மா பிஸ்தா கேட்டாள்.