ஆறாவது பன்றி

குழாயில் இரத்தம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கீழே சிவப்பு. மேலே நின்ற பிளாஸ்மா பாலைப் போல வெளுத்துக் கலங்கியிருந்தது.

நிலக்ஷி அதை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தாள். மாட்டினுடையது மஞ்சள். ஆட்டினுடையது நிறமற்றது. வெறும் வயிற்றுப் பன்றிக்கு இப்படி இருக்காது.

“மாமா, காலையில இதுக்கு என்ன குடுத்தீங்க?”

றோலண்ட் பன்றியின் கயிற்றை விடவில்லை. “கொஞ்சம் தேங்காப் புண்ணாக்கு.”

“நேத்து சாயந்திரத்திலிருந்து ஒண்ணும் குடுக்க வேணாம்னு சொன்னேனே.”

“சொன்ன புள்ள. ஆனா ரத்தம் எடுக்கப் போறியே. நான் டிக்கோயா ஆஸ்பத்திரியில பதினோரு தடவ குடுத்திருக்கேன். சாப்பிடாம போனா நர்ஸ் திருப்பி அனுப்பிருவாங்க. இது வாயில்லாத சீவன்.”

அவர் மனைவி சுகிர்தம் லயத்து வீட்டு வாசலில் நின்று சிரித்தார். “நல்லவேள, டீயும் பிஸ்கட்டும் குடுக்கல.”

நிலக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை. மாடு, ஆடு, கோழி, பன்றி. ஒவ்வொன்றிலும் ஆறு; மிச்சம் இந்த ஒரு பன்றிதான். அவற்றின் பிளாஸ்மாவில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் ஒப்பிட வேண்டும். கால்நடை மருத்துவப் படிப்பின் இறுதி ஆய்வு அது. புண்ணாக்கின் கொழுப்பு ஏறிய இரத்தத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேறு பன்றி இல்லை. இதையும் மத்தியானம் கீழ் டிவிசன் ஆண்டியப்பன் வளர்க்க வாங்கிப் போகிறார். நாளைக் காலை அவளுக்கு பஸ்.

அவள் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் றோலண்ட் போனை எடுத்தார்.

“ஆண்டியப்பன், பன்றி இன்னைக்கு வராது.”

“லொறி இன்னைக்கு மட்டுந்தாங்க. மனசு மாறிட்டீங்களா?”

“அதுக்கு நாளைக்குப் பரீட்சை.”

“என்னது?”

“நாளைக்கு நானே நடத்திக் கூட்டிட்டு வாறேன்.”

“நாலு மைலுங்க. மழ வேற. அது நடக்கும், நீங்க நடப்பீங்களா?”

“நடப்போம்.”

மறுநாள் காலை ஆறரைக்கு நிலக்ஷி வந்தபோது பன்றி பசியில் கத்திக்கொண்டிருந்தது. றோலண்ட் பட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“இவரும் நேத்திலிருந்து டீயத் தொடல,” என்றார் சுகிர்தம். “அது கத்துறப்ப எறங்காதாம்.”

ஊசி ஏறியது. இரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரம் சுழன்று நின்றது. நிலக்ஷி குழாயை உயர்த்தினாள். தெளிந்திருந்தது. அதன் வழியே றோலண்டின் சட்டைக் கட்டங்கள் தெரிந்தன.

“ஆளு பாஸா?”

“பாஸ், மாமா.”

  குழாயில் இலக்கத்தை எழுதி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு கஞ்சி வாளியைத் தூக்கிப் பன்றியின் முன்னால் வைத்தாள். சுகிர்தம் டீயை நீட்டினார். றோலண்ட் ஒரே மூச்சில் குடித்தார்.

அவளுடைய பஸ் கீழ் டிவிசன் சந்தியிலும் நிற்கும். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு றோலண்டோடும் பன்றியோடும் நடந்தாள். தூறல் விழுந்தது. அவள் குடையை றோலண்ட் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் பன்றி எதையோ முகர்ந்து நின்றது. அவர் கயிற்றை இழுத்தார்.

“விடுங்க மாமா,” என்றாள். “தின்னட்டும்.”