நீலம் இல்லாத கல்

பூமிக்கடியிலிருந்து வெந்நீரை எடுத்து மின்சாரம் தயாரிக்கும் கம்பெனி அது. கணவன், மனைவி இருவருக்கும் அங்கேதான் வேலை. எங்கே துளை போடலாம் என்று சொல்வது அவன் பொறுப்பு. கல்லை மெல்லிய சீவலாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் பொறுப்பு.

மேல்மட்டத்து மணற்கல்லில் மணிகளுக்கிடையே சந்து தாராளமாக இருந்தது. சந்து தெரிவதற்காக ஊற்றும் நீலப் பசை சீவல் முழுக்கப் பரவியிருந்தது.

"கீழேயும் இதே கல்லுதான். தண்ணி நல்லா நிக்கும்" என்றான் மீட்டிங்கில்.

அவள் கை தூக்கினாள். "அவ்வளவு ஆழத்துல சூடும் பாரமும் கல்லையே மாத்தியிருக்கும். மணல்ல இருக்குற குவார்ட்ஸ் வளந்து சந்து பூராவும் அடைச்சிருக்கும். முதல்ல சின்னதா ஒரு துளை போட்டுப் பாத்துடலாம்."

"அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா" என்றான்.

அறையே சிரித்தது. அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

பெரிய துளையாகவே போட்டார்கள். அடியில் சூடு இருந்தது; தண்ணீர்தான் வரவில்லை. அங்கிருந்து எடுத்த கல்லைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, அவள் நகர்ந்தாள். அவன் குனிந்து பார்த்தான். நீலம் பொட்டளவுகூட இல்லை. குவார்ட்ஸ் மணிகள் வளர்ந்து ஒன்றையொன்று கவ்விக் கிடந்தன. மேல்கல்லில் பொடியாக இருந்த களிமண் இங்கே காக்காப்பொன் போன்ற மெல்லிய இழைகளாகியிருந்தது. நடுநடுவே, சூட்டில் உருவாகும் பச்சைக் குளோரைட் கனிமம். அவனுக்குக் காது மடல் சுட்டது.

அன்றைய மீட்டிங்கில் இல்லாத மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "லேப்காரங்க முன்னாடியே எச்சரிச்சிருக்க வேணாமா?" என்றார்.

"விசாரிக்கிறேன் சார்" என்று வாயில் வந்துவிட்டது.

திரும்பினால், கல் துண்டுகள் வைத்த தட்டோடு அவள் வாசலில் நின்றிருந்தாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு மறுபடி மேனேஜரிடம் போனான். "அவங்க எச்சரிச்சாங்க சார். நான்தான் கிண்டல் பண்ணி வாயை அடைச்சேன்."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். அடுத்த துளைக்கான பொறுப்பு அவனிடமிருந்து போனது. அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

லேபில் அவள் பக்கத்தில் போய் நின்றான். "சார்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்."

"சரி. என்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவன் அவள் முன்னால் தலை குனிந்தான்.

அவள் அடுத்த சீவலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."