முப்பத்தேழு பிலாவிலை

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆடி மாதம் முதல், ஞானையனின் டாக்சி ஹார்னைப் பாறசாலையில் அமுக்கினால் மூன்று மைல் தள்ளித் தனுவச்சபுரத்தில், அவர் வீட்டு அடுக்களையில் மட்டும் கேட்டது. வண்டியில் இருப்பவருக்குக் கேட்காது. முன்னால் படுத்துக்கிடக்கும் மாட்டுக்கும் கேட்காது. சத்தம் எங்கே போகிறதென்று தெரியாமல் ஞானையன் ஆடிப்போனார். தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ் ஊர்கள் தமிழகத்தோடு சேரவேண்டுமென்று எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. போலீசுக்குத் தப்பிய ஆட்களை அவர்தான் காரில் ஏற்றி வருவார். வீட்டுக்கு முந்தின வளைவில் எத்தனை ஹார்னோ அத்தனை பேருக்கு மனைவி சுகிர்தபாய் கஞ்சி வைத்து, கோரிக் குடிக்கப் பலாமரத்துப் பிலாவிலையும் ஆளுக்கொன்றாகக் கரண்டிபோலக் கோட்டி வைப்பாள். ஓடி வந்தவன் பட்டினியாகப் படுத்தால் அது தன் வீட்டுக்கே மானக்கேடு என்று நினைக்கிற மனுஷர் ஞானையன்.

பாறசாலை மெக்கானிக் கருணாகரன், அந்த ஊர் திருவிதாங்கூரை விட்டு அசையக்கூடாது என்கிற கட்சி. ஆனால் பானெட்டைத் திறந்துவிட்டால் அவருக்குக் கட்சியெல்லாம் கிடையாது. பாட்டரியைப் பார்த்தார், பியூஸைப் பார்த்தார், எர்த்து வயரைச் சுரண்டிக் கட்டினார், ஹார்னைக் கழற்றி உள்தகட்டை உப்புத்தாளால் தேய்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "அமுக்கும் ஓய், இன்னும் அமுக்கும்" என்றார். தீப்பொறி வந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நெய்யாற்றின்கரையில புதுசு உண்டு. வாங்கிட்டு வாறேன், நீரு வீட்டுக்குப் போவும்" என்றார்.

வீட்டு முற்றத்தில் மூன்று பெரிய பானைக் கஞ்சியும் ஒரு குவியல் மரச்சீனிக் கிழங்கும் ஆவி பறந்துகொண்டிருந்தன.

"ஆளுவள எங்க?" என்றாள் சுகிர்தபாய்.

"எந்த ஆளுவ? இன்னைக்கு ஹார்ன் சத்தமே வரல்ல பிள்ளே."

"முப்பத்தேழு தடவை அடிச்சிருக்கீங்க, எண்ணினேனாக்கும். கிருஷ்ணம்மாக்க வீட்டு அரிசியும் தீந்துபோச்சு."

அடுத்த வீட்டு அரிசியையும் சேர்த்துப் பொங்கியாகிவிட்டது, குடிக்க ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. இருவருக்கும் அழுகை வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் முதல் இரண்டு பேர் மரச்சீனி விளைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்கள். மத்தியானம் கூட்டத்தில் தடியடியாம். பிறகு மூன்று பேர், நாலு பேர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் முப்பத்தாறு. ஒரு பிலாவிலை மிச்சம் கிடந்தது.

அப்போது கருணாகரன் புது ஹார்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தக் கட்சி ஆளாச்சே என்று முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சுகிர்தபாய் யாரையும் கேட்கவில்லை, இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மண்டையில் கட்டுப் போட்ட இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து அவர் கஞ்சி குடித்தார், விஷயத்தையும் கேட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு ஞானையனிடம், "ஹார்னுக்கு ஒரு கொழப்பமும் இல்ல ஓய்" என்று சொல்லி, புதுசைத் திரும்பக் கொண்டுபோனார்.

ஐம்பத்தாறில் எல்லை போட்டார்கள். தனுவச்சபுரம் கேரளத்தில் நின்றது. ஞானையனுக்கு அது கொஞ்ச நாள் ஆறாத வருத்தம். ஹார்ன் எப்போதும்போல அடுக்களையிலேயே கேட்டது. மாடு குறுக்கே நின்றால் அவர் இறங்கிப்போய் ஓட்டிவிட்டு வருவார். தனுவச்சபுரம் பக்கம் வேலை இருக்கிற நாளில் கருணாகரன், பாறசாலை ஸ்டாண்டில் நிற்கும் அந்தக் காருக்குள் கையை விட்டு ஒரு தடவை அமுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறுவார். போய்ச் சேரும்போது கஞ்சி பதமாக ஆறியிருக்கும்.