பெரியம்மா இறங்கும் நேரம்

வேறொரு நாட்டுக்காரர்கள் ஓய்வு கொடுத்துவிட்ட வானிலை செயற்கைக்கோளை எங்கள் கடலுக்கு மேலே நகர்த்தித் தருகிறார்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "அவங்க வேண்டாம்னு ஒதுக்கினத நம்ம தலையில கட்டுறாங்க!" என்று வானிலை அலுவலகமே அதிரக் கத்தினேன். கத்தி என்ன பயன்? அதுவரை எங்களுக்கென்று வானத்தில் ஒன்றுமே கிடையாது. அடுத்தவர்களுடைய படத்தின் ஓரத்தில் எங்கள் கடல் நசுங்கிக் கிடக்கும். எது புயல், எது கறை என்றே தெரியாது. இதுவோ எங்கள் தலைக்கு மேலே நின்று அரை மணிக்கு ஒரு படம் அனுப்பியது. முதல் படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்தது என் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா. எங்கள் அலுவலகத்தில் ஆண்டெனா பொறியாளர். வீட்டிலும் அவர், வேலையிலும் அவர், என் தலையெழுத்து. நான் துவைத்துப் பிழிந்த துணியை எடுத்து மறுபடி அலசுகிற ரகம்.

பெரியம்மாவிடம் எரிபொருள் கொஞ்சம்தான் மிச்சம். ஆடாமல் நிற்க வைத்தால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அவளை அவள் போக்கில் விட்டிருந்தார்கள். அதனால் தினமும் வடக்கே ஏறுவாள், தெற்கே இறங்குவாள். படத்தை வாங்கும் எங்கள் மொட்டை மாடி டிஷ்ஷும் அவள் பின்னாலேயே திரும்ப வேண்டும். அதற்கு ஒரு மோட்டார் கேட்டிருந்தோம், கேட்டுக்கொண்டே இருந்தோம். வரும் வரைக்கும் கையால் சுற்றும் கைப்பிடிதான், சுற்ற அண்ணிதான்.

அன்று மதியம் என் கணவர் தீவுக்குப் பயணிகள் படகை ஓட்டிக்கொண்டு பாதிக் கடலில் இருந்தார். வடக்கே ஒதுங்கிப் போய்விடும் என்று காலையில் நான் கணித்துச் சொல்லியிருந்த புயல், போகாமல் தயங்கி நின்றுவிட்டது. வயர்லெஸ்ஸில் அவர் குரல் வந்தது.

"முன்னாடி தீவுப் பக்கம் கன்னங்கரேல்னு இருக்கு. நம்ம பக்கம் வெளிச்சமா இருக்கு. திரும்பிடவா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். துறைமுகத்தின் மேல் வெயில் அடித்தது. வந்துடுங்க என்று சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய அடுத்த படம் வேண்டும். அதுவோ பாதி வந்து, மீதி வெறும் கோடுகளாகிவிட்டது.

"கொஞ்சம் மெதுவாப் போய்க்கிட்டே இருங்க, சொல்றேன்" என்றேன். உடனே போனில் மாடியைக் கூப்பிட்டேன். "அண்ணி, படம் அறுந்துபோச்சு!"

"பெரியம்மா இறங்குறா, எனக்குத் தெரியாதா? காத்து டிஷ்ஷத் தள்ளுது. கைப்பிடி அசைய மாட்டேங்குது."

"உங்க தம்பி நடுக்கடல்லேருந்து கேக்கறார் அண்ணி, திரும்பவா வேண்டாமான்னு."

இரும்பு கிறீச்சிடும் சத்தமும், அண்ணியின் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத வசவுகளும் வந்தன.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"வருது... ஐயோ, போச்சு! அவ்வளவு வேண்டாம், கொஞ்சம் பின்னால!"

"கத்தாதடி, காது இருக்கு! இப்ப?"

"அங்கயே பிடிங்க! உடம்பப் போட்டு அமுக்குங்க!"

படம் வரிவரியாக இறங்கியது. என் கணவருக்கு முன்னால் கறுத்துத் தெரிந்தது வெறும் மழை மேகம். புயல் மொத்தமாகத் திரும்பி எங்கள் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. வடக்கே மலை மறைத்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

"திரும்பாதீங்க. தீவுக்கே போங்க" என்றேன். "அதுக்குப் பின்பக்கம் போய் ஒதுங்கிடுங்க."

"என்ன சொல்ற? அங்கதான இருட்டா இருக்கு?"

"அது மழை. நனைவீங்க, அவ்வளவுதான். இங்க வராதீங்க. நான் பாத்துட்டேன்."

"நீ சொன்னா சரி" என்றார். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி நம்பியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

துறைமுகத்தைக் காலி செய்யச் சொல்லி எச்சரிக்கை கொடுத்து முடிப்பதற்குள் அண்ணி வியர்வையும் கிரீஸுமாக இறங்கி வந்தார்.

"எங்க அனுப்புன அவன?"

"தீவுக்கு."

"இங்க வெயில் அடிக்குது! என் தம்பிய இருட்டுக்குள்ள தள்ளிட்டியா?"

நான் திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் புயல் துறைமுகத்தைப் புரட்டிப்போட்டது. படகுகள் கட்டும் மேடை உடைந்து, பலகைகள் சாலை வரை பறந்து வந்தன. முன்பே காலி செய்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வயர்லெஸ் ஊமையாகிவிட்டது. நான் தப்பாகப் பார்த்திருந்தால்? அதையே நினைத்து நினைத்து, மைக்கை அமுக்கி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணி என் மற்றக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காற்று அடங்கிய பிறகு கரகரவென்று ஒரு சத்தம்.

"எல்லாரும் இறங்கிட்டாங்க. தீவுப் பள்ளிக்கூடத்துல இருக்கோம். ஒருத்தருக்கும் கீறல்கூட இல்ல."

அண்ணி மைக்கைப் பறித்தார். "எருமை! இவ்வளவு நேரமா வாயில என்ன வச்சிருந்த?" என்று ஆரம்பித்தவர் பாதியில் உடைந்து அழுதார். அழுதுகொண்டே மைக்கை என் கையில் திணித்தார்.

"இந்தா, நீ பேசு. நீ போகச் சொன்னதாலதான் இருக்கான்."

நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்த எனக்கு அப்போது குரலே எழும்பவில்லை. அங்கிருந்து அவர், "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.