மழையில் கரையாத கிரகம்

ஒரு படம் நன்றாக இல்லையென்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பது உலக வழக்கம். கொளஞ்சியம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதுவும் ஒரு பொம்மைப் படத்துக்காக.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்துக்கு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று, உப்பளத் தெருவின் சமுதாயக் கூடத்தில் கலர் டிவி வைத்துவிட்டுப் போயிருந்தது. சாயங்காலமானால் அதில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் ஓடும். தமிழில்தான் பேசுவார்கள். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டப் போன கொளஞ்சியம்மாள் திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

திரை முழுக்க உப்பு. கடல் வற்றிப்போன ஏதோ ஒரு கிரகமாம். ஊர்களுக்கெல்லாம் நண்டுக் கால் முளைத்திருந்தது. வானத்தில் மேகம் தலைகாட்டினால் சங்கு ஊதும், உடனே ஊரே எழுந்து நடந்து தப்பிக்கும். மழை பெய்தால் நிற்கிற தரை கரைந்துவிடுமே! அங்கே அழுவதுகூடக் குற்றம்தான். கண்ணீர் பட்ட இடம் குழிந்துவிடும்.

"இத யோசிச்சவன் கண்டிப்பா உப்பளத்துல வேல செஞ்சிருப்பாண்டி" என்றாள் கூட வேலை செய்யும் பாக்கியலட்சுமி. மறுநாளிலிருந்து அளத்துப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்தார்கள்.

கதையும் சும்மா சொல்லக்கூடாது. மேகங்களை ஓட்டுகிற அதிகாரி மேகராஜன், கவனமில்லாமல் ஒரு மேகத்தை ஊர்மேல் விட்டுவிடுகிறான். பாதி ஊர் கரைகிறது. சங்கு ஊதுகிறவன் தூங்கிவிட்டான் என்று பழியை அவன்மேல் போட்டு ஊரைவிட்டே துரத்துகிறான். சங்கு ஊதியவனின் மகள் யூமி வாளை எடுத்துக்கொண்டு வெள்ளைத் தரையில் கிளம்புகிறாள். "உன் வாயால் உண்மையைச் சொல்ல வைப்பேன். அதற்குப் பிறகும் விடமாட்டேன்!" என்று அவள் கத்தியபோது கொளஞ்சியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? போன வருஷக் கோடையில் அவள் புருஷன் சவரிமுத்துவுக்கும் இதே கதிதான் வந்தது. அப்போது மேஸ்திரியாக இருந்த புருஷோத்தமன், மேற்கே இடி இடிப்பதைக் காதில் வாங்காமல், "மடையத் தொறந்து பாத்திக்குத் தண்ணி வுடுப்பா" என்று சைக்கிளில் இருந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். சவரிமுத்து திறந்தான். கோடை மழையின் வெள்ளம் கால்வாய் வழியே பாத்திக்குள் புகுந்து, விளைந்து நின்ற உப்பையெல்லாம் தின்றுவிட்டது. முதலாளி வந்து கேட்டபோது புருஷோத்தமன் கூசாமல் சொன்னார், "இவன் குடிச்சிட்டுத் தொறந்துட்டாங்க."

மாதா கோயிலில் அப்பம் வாங்கும் வாய், சாராயம் தொட்டதில்லை. அப்படியும் சவரிமுத்து ஒரே ஒரு முறைதான் மறுத்துச் சொன்னான். யாரும் நம்பவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டான். எந்த அளத்திலும் அவனுக்கு வேலை இல்லையென்று ஆயிற்று. கோட்டக்குப்பத்தில் சிமெண்டு மூட்டை தூக்கப் போனான். தெருவில் போனால் பொடிசுகள்கூட 'மடை தொறந்தவன்' என்றன. புருஷோத்தமனோ மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு, இந்த வருஷம் சொந்தமாகக் குத்தகைக்கு அளம் எடுத்துவிட்டார். கொளஞ்சியம்மாள் அவரிடமே கூலிக்குப் போனாள். வேறு வழி? வயிறு இருக்கிறதே.

ஆகவே யூமி அவளுக்காகத்தான் வாளைத் தூக்கினாள். அவள் ஜெயித்தால் தனக்கும் ஏதோ ஒன்று ஜெயித்த மாதிரி. கோடை முழுக்க, உப்பு வாரிய கையோடு வந்து, கொளஞ்சியம்மாள் அந்தக் கடைசி நாளுக்காகக் காத்திருந்தாள்.

கடைசி நாளும் வந்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. புருஷோத்தமன்கூட வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சவரிமுத்து பின்னால் சுவரோரம் நின்றான். திரையில் யூமியின் வாள் மேகராஜனின் கழுத்தில் இருந்தது.

மேகராஜன் அழுதான். சின்ன வயதில் தன்னோடு யாரும் விளையாடவில்லை என்றான். யூமி வாளைக் கீழே போட்டாள். அவனைக் கட்டிக்கொண்டாள். வானம் திறந்து மழை கொட்டியது. தரை கரையவில்லை! உப்பு பிளந்து மஞ்சள் மஞ்சளாகப் பூ பூத்தது. துரத்தப்பட்ட அப்பன் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை இல்லை. பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள்.

"இன்னாடி இது, உப்புல பூ பூக்குமா?" என்று பாக்கியலட்சுமி கத்தினாள். "இத்தினி நாளா மழ பட்டா கரையும் கரையும்னு சொல்லிட்டு, இன்னிக்கு மட்டும் கரையாதாமா? எவன் காதுல பூ சுத்தறானுங்க?"

"அதெல்லாம் கதைம்மா. மன்னிச்சுட்டா பாரு, அதான் விஷயம்" என்றார் புருஷோத்தமன். "நம்ம ஜனங்க இதத்தான் கத்துக்கணும்." சொல்லிவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு நடக்கும்போது சவரிமுத்து மெல்லச் சொன்னான். "நல்லாத்தான் இருந்துது. பாவம், அவனும் அழுதான்ல."

கொளஞ்சியம்மாள் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். அன்றைக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் செய்யாததைத் தான் செய்வது என்று முடிவு கட்டிக்கொண்டு படுத்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை முன்னாலேயே மிரட்டியது. அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் ஏறிவிட்டால் பகையாளியின் உப்பு அம்பாரமாக இருந்தாலும் ஓடிப்போய்க் கீற்று போட்டு மூடித் தருவார்கள். குவித்த உப்பு மழையில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஊரில் பேரில்லை. பழி விழுந்த பிறகும் சவரிமுத்து அப்படி ஓடி வந்து மூடியவன்தான். அந்தத் தைரியத்தில் புருஷோத்தமன் விலை ஏறட்டும் என்று கோடை உப்பு முழுவதையும் திறந்த அம்பாரமாக விட்டு வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. புருஷோத்தமன் மொபெட்டில் பறந்து வந்தார்.

"ஏம்மா கொளஞ்சி, இன்னா வேடிக்க பாக்கறீங்க? கீத்த எடுத்துப் போடுங்கம்மா, வந்துடுச்சு!"

கொளஞ்சியம்மாள் கீற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பாக்கியலட்சுமியும் மற்ற பெண்களும்.

"போடறோங்க மேஸ்திரி. அன்னிக்கு மடையத் தொறக்கச் சொன்னது யாரு? அத மட்டும் சொல்லிடுங்க."

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு?"

"இப்பத்தாங்க மேகம் வந்திருக்குது."

அவர் தானே ஒரு கீற்றை இழுத்துப் போட்டார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பக்கத்து அளத்து ஆட்கள் தங்கள் அம்பாரத்தை மூடி முடித்து, வழக்கப்படி இங்கே ஓடி வந்தார்கள். "யாரும் தொடாதீங்க!" என்று கொளஞ்சியம்மாள் போட்ட சத்தத்தில் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். முதல் சொட்டு விழுந்தது.

"நாந்தான்!" என்றார் புருஷோத்தமன். "நாந்தாம்மா தொறக்கச் சொன்னேன். சவரி குடிக்கல. போதுமா?"

"அவங்களுக்குக் கேக்கல. கத்திச் சொல்லுங்க."

வரப்பைப் பார்த்துக் கத்திச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். பாக்கியலட்சுமி எழுந்தாள். "அதான் சொல்லிட்டாருல்ல, எழுந்திருடி."

"உக்காரு" என்றாள் கொளஞ்சியம்மாள். "அழுதா உப்புல பூ பூக்கும்ல? அன்னிக்கு டிவில மேஸ்திரியும் பாத்தாருல்ல. பூக்கட்டும், பாப்போம்."

மழை இறங்கியது. வெள்ளை அம்பாரத்தின் உச்சி மழுங்கி, பக்கவாட்டில் கோடு கோடாய் வழிந்தது. அப்போதுதான் ரோட்டுப் பக்கமிருந்து ஒருவன் வரப்பில் ஓடி வந்தான். சவரிமுத்து. மேகத்தைப் பஸ்ஸிலிருந்தே பார்த்திருக்கிறான்.

"சவரி! நீயாவது வாப்பா!" என்று புருஷோத்தமன் இரண்டு கையையும் நீட்டினார்.

எல்லாம் போச்சு, இவன் மூடிவிடுவான் என்று கொளஞ்சியம்மாள் நினைத்தாள். சவரிமுத்து பழக்கதோஷத்தில் ஒரு கீற்றைக் கையில் எடுத்தேவிட்டான். பிறகு வரப்பில் நின்ற ஆட்களைப் பார்த்தான். அவர்கள் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தார்கள். அவன் மனைவியிடம் கேட்டான்.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு. எல்லார் முன்னாலயும்."

அவன் அம்பாரத்தைப் பார்த்தான், கையிலிருந்த கீற்றைப் பார்த்தான். மெதுவாக வந்து கொளஞ்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அதை இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டான்.

"உப்பு நல்லாத்தான் கரையுது" என்றான் சவரிமுத்து.