அமீர் குடித்துவிட்ட காபி

1

நான்கு வருடமாக இந்தக் கதையை வயிற்றில் சுமந்துகொண்டு திரிகிறேன். எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். இந்த அரபு நாட்டின் மாதபா நகரில் ஒரு வீட்டுக் கூடத்தில், நாற்பது ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னக் கிண்ணம் காபியைக் குடித்தார். நடந்தது அவ்வளவுதான். அதற்குள் ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அம்மான் நகரின் குன்றுகள் மேல் காலை வெயில் பொன்னாக..." (அடித்துவிட்டேன். பத்தொன்பது வருடம் இங்கே குப்பை கொட்டியவன் குன்றைப் பார்த்து வாய் பிளப்பானா?)

பிறகு இப்படி: "அமீர் ஸஃப்வான் ஒரு மகான்." (இதையும் அடித்துவிட்டேன். அவர் காதுக்குப் போனால் நான் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து என்னைத் துரத்திவிடுவார்.)

[அரச குடும்பத்தில் இப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடாதீர்கள். இல்லை. நானாக வைத்தது.]

2

மகான் என்று எழுதக் கூடாதென்றால் வேறு எப்படிச் சொல்வது? அமீர் என்றால் இளவரசர், அரசரின் ரத்தம். இஸ்லாமியத் தத்துவம் கற்பிப்பவர். வருடாவருடம் வசந்தத்தில் கிறிஸ்தவ ஆயர்களையும் இமாம்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, சண்டை போடாமல் மூன்று நாள் பேச வைப்பவர். "சண்டை போட்டா போடட்டும், எழுந்து போகாம இருந்தா சரி" என்பார். வகுப்பில் அவருக்குப் பிடித்த கேள்வி ஒன்றுதான்: கட்டாயத்தில் சொன்ன சம்மதம் சம்மதமாகுமா? இருபது வருடமாக அதே கேள்வி. மாணவர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை.

யோசிக்க ஆரம்பித்தால் கைக்கு எட்டியதை எடுத்துக் குடித்துவிடுவார் என்பது இன்னொரு குணம். மாணவர்களின் தேநீர், என் தேநீர், ஒருமுறை பூச்சாடித் தண்ணீர். நூலகத்தில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கோப்பையை மறு பக்கம் வைத்துக்கொள்வோம்.

[இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள். கதையே இதில்தான் இருக்கிறது.]

3

அமீரின் கார் ஓட்டுநர் தைஃபல்லா. மாதபாக்காரர். அவர் மகன் நாயிஃப், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, எதிர்வீட்டு மித்ரியை இடித்துவிட்டான். மித்ரிக்கு இருபத்தேழு வயது, பள்ளிக்கூட ஆசிரியர், கிறிஸ்தவர். அங்கேயே உயிர் போய்விட்டது. நாயிஃப் சிறைக்குப் போனான். இந்த ஊர் வழக்கப்படி தைஃபல்லாவின் வீட்டார் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பதினொரு பேர், ஸர்க்கா நகரில் உறவினர் கொடுத்த இரண்டு அறையில். மித்ரியின் அப்பா மன்னித்தால்தான் அவர்கள் ஊர் திரும்ப முடியும்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு தைஃபல்லா வாய் திறந்தார். அமீரை எல்லோரும் 'சீதி', அதாவது எஜமானே, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சீதி, பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு நீங்க ஒரு தடவ வந்தாப் போதும். உங்க மூஞ்சிக்கு நேரா யாரு மாட்டேன்னு சொல்லுவா?"

"அதான் தைஃபல்லா எனக்குப் பயமா இருக்கு" என்றார் அமீர். ஆனாலும் போனார்.

4

மன்னிப்புக் கேட்கப் போகும் கூட்டத்தின் தலைவருக்கு வீட்டுக்காரர் காபி ஊற்றுவார். தலைவர் அதை வாயில் வைக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். கிடைக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அவமானம். கேட்பதற்கு முன்பே குடித்துவிட்டால், கேட்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

மித்ரியின் அப்பா அபூ மித்ரி காபியை ஊற்றினார். அமீர் கீழே வைத்தார். பக்கத்தில், எங்களோடு வந்த குலத்தலைவர் ஷேக் மிஜ்ஹிம் தொண்டையைச் செருமினார். கடைசி வரிசையில் நான். இடித்தவனின் அப்பா என்பதால் தைஃபல்லா கூடத்துக்குள் வரக் கூடாது. அமீரின் வண்டியை ஓட்டி வந்தவராக மட்டும் வெளியே காரில் இருந்தார். ஜன்னல் வழியாக அவர் தலை தெரிந்தது.

அபூ மித்ரி முந்திக்கொண்டார்.

"சீதி, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். முப்பது வருஷமா எங்க பாதிரியாரையும் உங்க இமாமையும் ஒண்ணா உக்கார வைக்கிறீங்க. நல்ல காரியம். எம் பையனே அங்க வந்து எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டிருக்கான். இன்னிக்கு நான் மாட்டேன்னா, அரசரோட ரத்தத்தை அவமானப்படுத்தின கிறிஸ்தவன்னு ஊரு பேசும். சரின்னா, அது நான் சொன்ன சரியா?"

அமீரின் கண்கள் எங்கோ போயின. எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஐயோ, கிண்ணத்தை நகர்த்துங்கள் என்று கத்தத் தோன்றியது. நாற்பது பேருக்குப் பின்னாலிருந்து எப்படிக் கத்துவது?

எடுத்தார். ஒரே மடக்கு.

5

"சீதி, என்ன பண்ணிட்டீங்க" என்றார் ஷேக் மிஜ்ஹிம், உதடு அசையாமல்.

அமீர் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தத் தலையைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அபூ மித்ரி, நீங்க கேட்டதுக்குப் பதில் எனக்குத் தெரியல. ஆனா நான் குடிச்சிட்டேன். இனி கேக்க எனக்கு உரிமை இல்ல. நான் கேக்கவே இல்ல, அதனால நீங்க மறுத்ததாவும் ஆகாது. மித்ரிக்காகத் துக்கம் விசாரிக்க வந்தோம். அவ்வளவுதான். இத ஊருக்கும் சொல்லிடறேன்."

ஓர் அரச குடும்பத்து மனிதர் நாற்பது பேர் முன்னால் முட்டாளாக நின்று, எதிரில் இருப்பவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கம் இல்லை.

6

இங்கேதான் பேனா சிக்கிக்கொண்டது. வேண்டுமென்றே குடித்தாரா? மாணவர்கள் சத்தியம் செய்கிறார்கள். எனக்கும் ஆசைதான், கதை அழகாகிவிடும். அவரிடமே கேட்டேன்.

"மறந்துட்டேன்னே எழுதுப்பா. வேணும்னே குடிச்சிருந்தா தைஃபல்லாவை ஏமாத்தினதா ஆகும். அவன் என்னை நம்பித்தானே வெளிய உக்காந்திருந்தான்."

இதைச் சொல்லிக்கொண்டே என் தேநீரைக் குடித்து முடித்தார். மறந்துதான் குடித்தார். எழுதிவிட்டேன்.

7

அன்று அமீர் சொல்லி முடித்ததும், உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து மித்ரியின் அம்மா வந்தார். கறுப்பு உடை. ஒரு கையில் காபிக் கெண்டி, மறு கையில் கிண்ணம். யாரையும் பார்க்கவில்லை.

"எங்க போற?" என்றார் அபூ மித்ரி.

"கேக்க வேண்டியவன் வெயில்ல உக்காந்திருக்கான். சீதிய எதுக்குப் போட்டுக் குடையற?"

தெருவில் இறங்கிப் போனார். கார்க் கண்ணாடி இறங்கியது. ஊற்றிக் கொடுத்தார். தைஃபல்லா இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்கவில்லை. அபூ மித்ரி ஜன்னலருகே போய் நின்றார். கடைசியில் திரும்பி

8

மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அபூ மித்ரி "குடிக்கச் சொல்லுங்க" என்கிறார். மற்றதில் கதவைச் சாத்துகிறார். இரண்டில் ஒன்று நடந்தது. எதை அச்சுக்குக் கொடுப்பது என்று கேட்க, போன மாதம் அபூ மித்ரி வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. கீழே வைத்தேன்.

"உனக்கு என்னப்பா வேணும்?"

"அன்னிக்கு நடந்ததை எழுதணும். தமிழ்ல."

தாடியைத் தடவினார்.

"எம் பொண்டாட்டி கார் வரைக்கும் போனதை எழுது. நான் ஜன்னல்கிட்ட நின்னதையும் எழுது. அப்புறம் நான் சொன்னது எம் மகனுக்காகச் சொன்னது, கதைக்காக இல்ல. அத விட்டுடு. சம்மதம்னா குடி."

குடித்தேன். குடித்தவன் மீற முடியாது.

ஆனால் நான் குடித்த பிறகு நடந்ததை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து மித்ரியின் அம்மா குரல் கொடுத்தார்: "நாயிஃப், விருந்தாளி கிண்ணம் காலியா இருக்கு பாரு."

முப்பதை எட்டிய ஒருவன் கெண்டியோடு வந்து ஊற்றினான். மாதபாவில் நாயிஃப்கள் நிறைய. முஸ்லிம் வீட்டிலும் உண்டு, கிறிஸ்தவர் வீட்டிலும் உண்டு. தைஃபல்லாவின் மகன் பெயர் நாயிஃப், அபூ மித்ரியின் தம்பி மகனுக்கும் அதே பெயர். வந்தவனின் முகத்தை நான் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவன், சொல்ல மாட்டேன்.

எந்த நாயிஃப் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.